குழந்தைக்கு நிமோனியா; எடையை ஏன் பார்க்கிறார்கள்?

குழந்தையை மருத்துவமனையில் சேர்த்திருப்பவர்களிடம் "என்ன உடம்புக்கு?" என்று கேட்டால் நிமோனியா என்பார்கள், வயிற்றுப்போக்கு என்பார்கள், டெங்கு, வலிப்பு, இதயத்தில் ஓட்டை என்பார்கள். "பிள்ளைக்கு ஊட்டம் போதாமல் உடம்பு இறங்கிப்போயிருந்தது, அதற்கும் சேர்த்துத்தான் வைத்தியம் நடக்கிறது" என்று யாரும் சொல்லிக் கேட்பதில்லை. சொன்னால் அது தாயின்மேல் பழி சுமத்துவதாகிவிடும். "பெற்றால் போதுமா, வளர்க்கத் தெரிய வேண்டாமா?" என்று ஊரே பேசும். அந்தப் பேச்சுக்கு அஞ்சி, குழந்தையின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு விஷயத்தைப் பேசாமலே விட்டுவிடுகிறோம்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணங்களில் ஏறக்குறைய பாதிக்கு ஊட்டச்சத்துக் குறைபாட்டுடன் தொடர்பு உண்டு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இவர்களில் பெரும்பாலோர் சோறில்லாமல் பட்டினி கிடந்து இறந்தவர்கள் அல்லர். உடம்பில் தெம்பு இருந்திருந்தால் தாங்கியிருக்கக்கூடிய சளியையும் பேதியையும் அம்மையையும் தாங்க முடியாமல் போனவர்கள். அதனால்தான் நிமோனியாவுக்கு வந்த குழந்தையையும் எடைத்தட்டில் ஏற்றுகிறார்கள்.

தமிழ்நாட்டிலுமா?

இந்தக் கேள்வி நியாயமானது. பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவு கொடுக்கும் யோசனை இந்த ஊரில் 1920-லேயே தொடங்கிவிட்டது. அப்போது சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் அதைத் தொடங்கினார். 1956-ல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-ல் காலை உணவும் சேர்ந்துகொண்டது. இவ்வளவுக்குப் பிறகும், 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 14.6 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். இந்திய அளவில் இவை முறையே 35.5, 19.3. நாம் நாட்டைவிட மேல்தான். ஆனாலும் நான்கில் ஒரு குழந்தை என்பது சின்னக் கணக்கு அல்ல.

திட்டங்கள் தோற்றுவிட்டன என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பள்ளிக்கூடத் தட்டு குழந்தையை எட்டும் வயது ஐந்து. ஊட்டம் குலைவதற்கு மிகுந்த வாய்ப்புள்ள காலமோ ஆறாவது மாதத்திலிருந்து இரண்டு வயது வரை. தாய்ப்பால் மட்டும் போதாமல் திட உணவு தொடங்கும் பருவம் அது. வீட்டில் எல்லோரும் உண்பதை அந்தக் குழந்தையால் உண்ண முடியாது. தனியாகக் குழைத்து, ஒரு நாளில் நாலைந்து முறை பொறுமையாக உட்கார்ந்து ஊட்ட ஓர் ஆள் வேண்டும். காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் வீட்டில் அந்த ஆள் யார்?

வசதியுள்ள வீடுகளும் இதற்கு விலக்கல்ல. இதயத்தில் ஓட்டையுள்ள கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதே கடும் உழைப்பு. குடிக்கும்போதே நெற்றி வியர்க்கும். பாதியில் களைத்துத் தூங்கிவிடும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு ஒரு கிண்ணம் சாதம் ஊட்ட ஒரு மணி நேரம் ஆகலாம். சிறுநீரக நோய், காசநோய், புற்றுநோய் ஆகியவை பசியை அடக்கும் அல்லது உண்டதை உடம்பில் ஒட்டவிடாது. எந்தப் பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் வார்டிலும் இப்படிப்பட்ட குழந்தைகள் இருப்பார்கள்.

ஒல்லி, குட்டை, எடைக்குறைவு

பேச்சில் எல்லாவற்றையும் "பிள்ளை ஒல்லி" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மருத்துவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

இரண்டு வயதுச் சிறுமிகள் இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் எடை 9 கிலோ. அந்த வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 11.5 கிலோ, உயரம் ஏறக்குறைய 86 சென்டிமீட்டர். முதல் சிறுமியின் உயரம் 79 சென்டிமீட்டர். அவளுடைய உயரத்துக்கு 9 கிலோ அப்படியொன்றும் மோசமில்லை. பார்த்தால் கொழுகொழுவென்றுகூடத் தோன்றலாம். அவளுக்கு இருப்பது வளர்ச்சிக் குன்றல், அதாவது வயதுக்குரிய உயரம் இல்லாமை. மாதக்கணக்கில், ஒருவேளை தாயின் வயிற்றில் இருந்தபோதிலிருந்தே, ஊட்டம் குறைந்து வந்ததன் தடம் அது. இரண்டாவது சிறுமியின் உயரம் 86 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கு 9 கிலோ மிகக் குறைவு. அவளுக்கு இருப்பது மெலிவு, அதாவது உயரத்துக்குரிய எடை இல்லாமை. அண்மைக் காலத்தில் உடம்பு வேகமாக இறங்கியிருக்கிறது என்பதன் அடையாளம். உயரத்தைப் பார்க்காமல் வயதை மட்டும் வைத்து எடை போதவில்லை என்று சொல்வது எடைக்குறைவு. அது இருவருக்கும் பொருந்துகிறது. அதனால்தான் எடையை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றுபோல் தெரிகிறார்கள்.

உடனடி ஆபத்து என்று வரும்போது மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது மெலிவை. "எவ்வளவு குறைந்தால் மெலிவு?" என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்களைப் பயன்படுத்துகிறார்கள். நன்றாக ஊட்டம் பெற்று வளரும் குழந்தைகளைப் பல நாடுகளில் அளந்து உருவாக்கியவை அவை. இந்தியக் குழந்தைகளும் அதில் உண்டு. ஆகவே "நம்ம ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் இருக்கும்" என்ற சமாதானம் செல்லாது.

வரைபடம் இல்லாத இடத்தில் ஒரு நாடா போதும். குழந்தையின் இடது மேற்கையில், தோள் நுனிக்கும் முழங்கைக்கும் நடுவே, இறுக்காமலும் தளர்த்தாமலும் சுற்றி அளக்கிறார்கள். நாடாவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. அது கடும் குறைபாடு. 11.5 முதல் 12.5-க்குள் இருந்தால் மஞ்சள். ஆறு மாதக் குழந்தைக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கும் ஒரே அளவுகோலா என்று கேட்கத் தோன்றும். இந்த வயதில் மேற்கைச் சுற்றளவு மெதுவாகவே கூடுவதால் ஒரே எல்லையை வைத்துக்கொண்டு வேலை நடத்த முடிகிறது.

எடையும் நாடாவும் ஏமாறும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. சில குழந்தைகளுக்கு ஊட்டம் மிகவும் குலையும்போது உடம்பில் நீர் கோத்துக் கால் வீங்கும், முகம் உப்பும். அந்த நீரின் எடையும் தராசில் சேர்ந்து காட்டும். பார்ப்பவர்கள் "குண்டாகத்தானே இருக்கிறது" என்பார்கள். மருத்துவர் இரண்டு புறங்கால்களிலும் கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்திவிட்டு எடுப்பார். இரண்டிலும் குழி விழுந்து நின்றால், எடை எதுவாக இருந்தாலும் அது கடும் குறைபாடாகவே கொள்ளப்படும். சிறுநீரகம், இதயம் காரணமா என்றும் கூடவே பார்ப்பார்கள்.

இதுவரை பார்த்தது: குட்டையாக இருப்பது நெடுநாள் குறைபாட்டையும், மெலிந்திருப்பது அண்மைக் குறைபாட்டையும் காட்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்தால்தான் தெரியும். இரு காலிலும் வீக்கம் இருந்தால் அளவையும் நம்பக்கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது?

திருவல்லிக்கேணியில் மேன்ஷன்வாசிகளை நம்பி நடக்கும் ஒரு சின்ன மெஸ்ஸை எண்ணிப் பாருங்கள். வரும்படி படிப்படியாகக் குறைகிறது. முதலாளி முதலில் மளிகை அறையில் இருக்கும் அரிசி பருப்பை வைத்து ஓட்டுவார். அது தீர்ந்ததும் அண்டா, குண்டான், பித்தளைத் தவலை எல்லாம் அடகுக் கடைக்குப் போகும். ஒழுகும் கூரையைச் சரிசெய்வது தள்ளிப்போகும். இரவுக் காவலரை நிறுத்திவிடுவார். கடைசியில் நான்கு அடுப்பில் மூன்றை அணைத்துவிட்டு ஒன்றில் மட்டும் சமைப்பார். தெருவில் போகிறவர்களுக்குப் பலகை தொங்குவது தெரிகிறது, கதவு திறந்திருப்பது தெரிகிறது. மெஸ் நடந்துகொண்டிருக்கிறது என்றே நினைப்பார்கள்.

ஊட்டம் குறைந்த குழந்தையின் உடம்பு செய்வதும் இதுதான். கல்லீரலில் சேமித்திருக்கும் சர்க்கரை முதலில் செலவாகிறது. சின்னக் குழந்தையில் அது சில மணி நேரத்துக்கே வரும். அடுத்து தோலுக்கடியில் உள்ள கொழுப்பு. அதன்பின் தசை. தொடையிலும் பிட்டத்திலும் தோல் சுருங்கித் தொங்குகிறதே, அங்கே அண்டாக்கள் அடகு போயிருக்கின்றன. குடலின் உட்சவ்வு புதுப்பிக்கப்படுவது குறைகிறது. உண்டதை உறிஞ்சும் பரப்பு சுருங்குகிறது. கிருமிகளை எதிர்க்கும் படை மெலிகிறது. இதயம் சிறுத்து, குறைந்த ரத்தத்தையே இறைக்கிறது. சிறுநீரகத்தால் கூடுதல் உப்பை வெளியேற்ற முடிவதில்லை. கல்லீரலால் புதிதாகச் சர்க்கரை தயாரிக்க முடிவதில்லை.

மூளை மட்டும் செலவைக் குறைத்துக்கொள்ளாது. சிறு குழந்தை சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவிடும் ஆற்றலில் பாதிக்கும் மேல் மூளைக்கே போகிறது. பெரியவர்களுக்கு இதில் ஐந்தில் ஒரு பங்குதான். குழந்தையின் கையிருப்பு இவ்வளவு விரைவில் தீர்ந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உடம்பு இப்படி எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டு உயிரைக் காப்பதை மருத்துவத்தில் குறுக்கத் தகவமைப்பு என்கிறார்கள். இதன் மிக மோசமான விளைவு, அபாய மணி அடிக்காமல் போவது. காவலர் இல்லாத மெஸ்ஸில் திருடன் நுழைந்தால் யார் சத்தம் போடுவார்கள்? காய்ச்சல் என்பது கிருமியை உடம்பு எதிர்க்கிறது என்பதற்கான சத்தம். கடும் குறைபாடுள்ள குழந்தைக்கு நுரையீரலிலோ ரத்தத்திலோ தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் இருக்கலாம். உடம்பு சில்லிட்டும்கூடப் போகலாம். அதனால்தான் காய்ச்சலே இல்லாத அப்படிப்பட்ட குழந்தைக்கும் மருத்துவமனையில் ஆன்டிபயாட்டிக் தொடங்குகிறார்கள். "காய்ச்சலே இல்லை, எதற்கு ஊசி?" என்று கோபப்படும் உறவினர்களுக்கு இதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

நோய் வந்தால் இரட்டை இழப்பு

வெறும் பட்டினியில் உடம்பு கொழுப்பை எரித்து, தசையைக் கூடியவரை காப்பாற்றும். தொற்று வந்துவிட்டால் அந்தச் சிக்கனம் குலைந்துபோகும். எதிர்ப்புப் படைக்கு வேண்டிய புரதத்துக்காக, கொழுப்பு மிச்சமிருக்கும்போதே தசை கரைக்கப்படுகிறது. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஆற்றல் தேவை ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். அதே நேரத்தில் பசி அடங்கிவிடும். பேதி என்றால் உள்ளே போனதும் நிற்காது. தேவை கூடி, வரவு குறைந்து, இழப்பும் சேரும்போது நான்கு நாள் காய்ச்சலில் குழந்தை பாதியாகிவிட்டது என்று தாய் சொல்வதை மிகையென்று ஒதுக்கிவிட முடியாது. உடம்பு இறங்கியதால் அடுத்த தொற்று எளிதாக வருகிறது. அது வந்தால் உடம்பு இன்னும் இறங்குகிறது. அம்மை போட்ட பிறகோ கக்குவான் வந்த பிறகோ தேறாமலே போன பிள்ளையைப் பற்றிப் பாட்டிமார் சொல்லும் கதைகளில் இந்தச் சுழல்தான் இருக்கிறது.

இங்கே நம் வீட்டுப் பழக்கம் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "லங்கணம் பரம ஔஷதம்" என்று சொல்லிக் காய்ச்சலுக்குப் பட்டினி போடுவது. கையிருப்புள்ள பெரியவர் ஒருநாள் பட்டினி கிடந்தால் குடிமுழுகிப் போகாது. ஒரு வயதுக் குழந்தைக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. அடுத்தது தெளிந்த கஞ்சி. ஒரு டம்ளர் நிறைய இருக்கிறது, ஆவி பறக்கிறது, அம்மா ஊதி ஊதிக் கொடுக்கிறார், குழந்தையும் முழுக்கக் குடித்துவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. அதில் கரைந்திருப்பது இரண்டு தேக்கரண்டி அரிசி மாவு என்றால் 40 கலோரிகூடத் தேறாது. வயிறு தண்ணீரால் நிரம்பிவிட்டதால் அடுத்த இரண்டு மணி நேரத்துக்குக் குழந்தை வேறெதுவும் கேட்காது. அதே கஞ்சியைக் கரண்டியில் நிற்கும் பதத்துக்குக் காய்ச்சி, வேகவைத்த பருப்பை மசித்துப் போட்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டால், எண்ணெய் மட்டுமே இன்னொரு 40 கலோரி. அளவு கூடவில்லை, சத்து பன்மடங்கு.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நோயில் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. பேதிக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோடு துத்தநாக மாத்திரை 14 நாள் தருவார்கள். பேதி மூன்றாம் நாளே நின்றுவிட்டாலும் அதை முடிக்க வேண்டும். குடலின் உட்சவ்வு தேறுவதற்கு அது உதவுகிறது.

சுருக்கமாக: நோய் செலவைக் கூட்டி வரவைக் குறைக்கிறது. குறைபாடுள்ள குழந்தையின் உடம்பு இதைக் காய்ச்சலாகக்கூடக் காட்டாமல் இருக்கலாம். நோய் நாளில் குழந்தைக்குத் தேவை கொஞ்ச அளவில் நிறையச் சத்து.

வார்டுக்குள்ளும் எடை குறையும்

மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் ஊட்டத்துக்கும் பொறுப்பு அவர்களுடையது என்று நினைக்கிறோம். ஆனால் வார்டில் குழந்தை பட்டினி கிடக்கக் காரணங்கள் ஏராளம். காலையில் ஸ்கேன், அதற்கு வெறும் வயிறு. ஸ்கேன் மதியத்துக்குத் தள்ளிப்போகிறது. யாரும் வந்து "இனிமேல் கொடுக்கலாம்" என்று சொல்வதில்லை. தாயும் பயந்துகொண்டு கொடுப்பதில்லை. மூச்சு வாங்கும் குழந்தைக்கு வாய்வழி உணவை நிறுத்தியிருப்பார்கள். மறுபடி தொடங்குவது தாமதமாகும். மருந்துக்கு எழுப்பும் நேரமும் உணவு நேரமும் மோதும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. ஒன்றாகக் கூட்டினால் மூன்று நாளில் ஒன்றரை நாள் உணவு போயிருக்கும்.

"குளுக்கோஸ் ஏறுகிறதே, அது சாப்பாடு மாதிரிதானே?" இந்த நம்பிக்கை மிக ஆழமானது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து சதவீதக் குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிக்கு மேல் இல்லை, இரண்டு இட்லியளவு. புரதம் இல்லை, கொழுப்பு இல்லை. பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 கலோரி வேண்டும். சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏறுவது நீரையும் உப்பையும் ஈடுகட்டத்தான்.

சேர்க்கையின்போதே யாருக்கு ஊட்டக் கவனம் கூடுதலாக வேண்டும் என்று பிரித்தறியச் சில எளிய கேள்விமுறைகள் உண்டு. நெதர்லாந்தில் உருவான ஸ்ட்ராங்கிட்ஸ் அவற்றில் ஒன்று. நான்கே கேள்விகள்: பார்வைக்கே குழந்தை மெலிந்து தெரிகிறதா? ஊட்டத்தைக் குலைக்கும் பெரிய நோய் ஏதாவது இருக்கிறதா, பெரிய அறுவை சிகிச்சை நடக்கப் போகிறதா? சில நாள்களாக உணவு குறைந்திருக்கிறதா, பேதியோ வாந்தியோ இருக்கிறதா? எடை குறைந்திருக்கிறதா, அல்லது கைக்குழந்தை என்றால் எடை ஏறாமல் நிற்கிறதா? ஐந்து நிமிடத்தில் கேட்டு முடிக்கலாம். கேட்டு எழுதி வைக்க வேண்டும், ஆனால் அது நடக்காமல் போவதுண்டு. நெரிசலான வார்டில் ஒரு செவிலியர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார் என்று தெரிந்தவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனாலும் இதைக் கேட்டு வாங்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. எடை எத்தனை, வயதுக்கும் உயரத்துக்கும் அது சரியா, இன்று எத்தனை மணிவரை வெறும் வயிறு, உணவியல் நிபுணர் பார்ப்பாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

மெக்சிகோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ஃபெடரிகோ கோமெஸ் என்ற மருத்துவர் எடைக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பைக் கணக்கெடுத்தார். வயதுக்கு இருக்க வேண்டிய எடையில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை வைத்துக் குழந்தைகளை மூன்று படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் இறப்பு கூடுகிறது என்று பார்த்தார். 1956-ல் வெளிவந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்க அவர் வகைப்பாடு பல காலம் புழங்கியது. எடையைப் பார்ப்பது வெறும் சடங்கல்ல, உயிர் பிழைக்கும் வாய்ப்பைச் சொல்லும் எண் என்று காட்டியவர்களில் அவர் முன்னோடி.

ஏன் உடனே வயிறு நிறையக் கொடுப்பதில்லை?

பிள்ளை எலும்பும் தோலுமாகக் கிடக்கிறது. மருத்துவமனையிலோ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சூண்டு பால் கலவை தருகிறார்கள். பாட்டிக்கு மனம் பொறுக்கவில்லை. வெளியே போய் பிரியாணியோ பன்னோ வாங்கி வந்து ஊட்டிவிடுகிறார். அன்பினால் செய்வதுதான், ஆனால் ஆபத்தானது.

ஒற்றை அடுப்பில் ஓடும் அந்த மெஸ்ஸுக்கு ஒரு காலையில் திடீரென்று இருநூறு இலைக்கு ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி ஆசையாக நான்கு அடுப்பையும் பற்றவைப்பார். சிலிண்டரில் இருக்கும் கொஞ்ச நஞ்ச வாயுவும் ஒரே மூச்சில் தீர்ந்துவிடும். முன்பு எரிந்த ஒற்றை அடுப்பும் அணைந்துபோகும்.

உடம்பில் நடப்பது இது: மாவுச்சத்து திடீரென்று நிறைய உள்ளே போனதும் இன்சுலின் பெருகுகிறது. அது சர்க்கரையைச் செல்களுக்குள் தள்ளும்போது, கூடவே பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகிய உப்புகளையும் ரத்தத்திலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்தக் குழந்தையிடம் அவை ஏற்கெனவே பற்றாக்குறை. ரத்தத்தில் அவை சட்டென்று சரியும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும். இதற்கு மீளூட்டல் நோய்க்குறி என்று பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர் உணவு கிடைத்த பிறகு இறந்துபோனது இதனால்தான். அதுவரை தாக்குப்பிடித்தவர்கள்.

எனவே சிகிச்சை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டம் நிலைப்படுத்தல். சர்க்கரை குறைந்திருந்தால் அதை ஏற்றுவது, உடம்பைக் கதகதப்பாக வைப்பது, தொற்றுக்கு மருந்து, நீரையும் உப்பையும் மிகக் கவனமாகச் சரிசெய்வது. வழக்கமான ஓ.ஆர்.எஸ். கரைசலில் உள்ள உப்புகூட இந்தக் குழந்தைக்கு அதிகமாகலாம் என்பதால் அதிலும் மாற்றம் உண்டு. இரவு பகல் பாராமல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, 100 மில்லியில் 75 கலோரி உள்ள கலவையைக் கொடுப்பார்கள். இந்திய மருத்துவமனைகளில் பால், சர்க்கரை, பொரிமாவு, எண்ணெய் கொண்டும் அதைத் தயாரிப்பதுண்டு. நள்ளிரவு இரண்டு மணிக்குக் குழந்தையை எழுப்பி ஊட்டச் சொன்னால் அது சும்மா தொந்தரவு அல்ல. இரவில் விடப்பட்ட ஒரு வேளையில் சர்க்கரை சரிந்து விடியுமுன் குழந்தை போய்விடக்கூடும். ஊட்டுகிறவர் களைத்திருந்தால் அடுத்த கட்டிலில் இருக்கும் அம்மாவிடம் எழுப்பிவிடச் சொல்லி வையுங்கள்.

பசி திரும்பியதும், வீக்கம் வடியத் தொடங்கியதும் இரண்டாம் கட்டம். 100 மில்லியில் 100 கலோரி உள்ள கலவை, பிறகு வீட்டு உணவு. இப்போது குழந்தை மளமளவென்று ஏறும். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 10 கிராமுக்கு மேல் கூடினால் நல்ல முன்னேற்றம். ரத்தசோகைக்கான இரும்புச்சத்து மருந்தும் இந்தக் கட்டத்தில்தான். முதல் நாளே அதைக் கொடுத்தால், கட்டிவைக்க ஆளில்லாத இரும்பு கிருமிகளுக்கு உதவிவிடும். "ரத்தம் குறைவு என்று சொல்லிவிட்டு டானிக் தரவில்லையே" என்ற மனக்குறைக்குக் காரணம் இதுவே.

1950-களிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, கடும் குறைபாட்டுக்கு மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். 1990-களில் இதை ஆராய்ந்தவர்கள் கண்டது கசப்பானது: சிகிச்சை முறையில் இருந்த தவறுகளே பெரிய காரணம். தொடக்கத்திலேயே அதிகம் ஊட்டியது, வேண்டாமலே நரம்பில் திரவம் ஏற்றியது, வீக்கத்துக்கு நீரிறக்க மாத்திரை, இரவில் ஊட்டாமல் விட்டது. அதன்பின் உலகச் சுகாதார நிறுவனம் படிப்படியான முறையை வகுத்தது. அதை ஒழுங்காகப் பின்பற்றிய வார்டுகளில் இறப்பு வெகுவாகக் குறைந்தது. புது மருந்தோ புது இயந்திரமோ இல்லாமல், நேரம் தவறாத கிண்ணத்தாலும் கரண்டியாலும் கிடைத்த வெற்றி.

அந்த முறையில் விளையாட்டும் ஒரு படி. ஊட்டம் குலைந்த குழந்தை சிணுங்கும், அல்லது எதையும் பொருட்படுத்தாமல் வெறித்துக்கொண்டிருக்கும். கிலுகிலுப்பையை ஆட்டினாலும் கண் திரும்பாது. தினமும் மடியில் வைத்துப் பேசுவதும் விளையாட்டுக் காட்டுவதும் சிகிச்சையின் பகுதி என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் சிரிப்பை வார்டில் எல்லோரும் கவனிப்பார்கள். எடை ஏறுவதற்கு முன்பே வரும் நல்ல சேதி அது.

புரத மாவு வாங்கினால் போதுமா?

வீடு திரும்பும் வழியில் மருந்துக் கடையில் டப்பா வாங்குவது சென்னையில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த சி. கோபாலன், ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். உலகமே புரதப் பற்றாக்குறை என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், இந்தியக் குழந்தைகளின் முதல் பிரச்சினை உணவின் மொத்த அளவு போதாமைதான் என்று அவரும் அவரது சகாக்களும் வாதாடினார்கள். சோறும் பருப்பும் போதிய அளவு உண்டால் புரதத்தின் பெரும் பகுதி அதிலேயே கிடைத்துவிடும். மொத்த ஆற்றல் குறைந்தால், கொடுக்கும் புரதத்தையும் உடம்பு விறகாக எரித்துவிடும். டப்பாவில் வரும் பான மாவுகள் பலவற்றில் சர்க்கரை கணிசம். 2024-ல் மத்திய அரசு, இணைய வணிகத் தளங்கள் இத்தகைய பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற தலைப்பின்கீழ் விற்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அந்தப் பணத்துக்கு முட்டை, வேர்க்கடலை, பருப்பு, எண்ணெய், வாழைப்பழம் வாங்கினால் பல வாரம் வரும்.

வீட்டுக்குப் போன பிறகு

நோய் குணமாகிவிட்டதால் கதை முடிந்தது என்று நினைக்கும் காலம்தான் இழந்ததை மீட்கும் காலம். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை, சிறு கிண்ணத்தில், கெட்டியான உணவு. ஒவ்வொரு முறையும் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ. முட்டை சாப்பிடும் வீடு என்றால் நாளுக்கு ஒன்று. பெரியவர்கள் தட்டிலிருந்து இரண்டு வாய் ஊட்டுவதைவிடக் குழந்தைக்கென்று தனிக் கிண்ணம் நல்லது. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியும். பால் கொடுக்கும் தாயும் நன்றாகச் சாப்பிட வேண்டும். வார்டில் இருக்கும் நாள்களிலேயே அவர் பட்டினி கிடந்துவிடுகிறார். பல அரசு மருத்துவமனை வளாகங்களில் அம்மா உணவகம் இருப்பது இந்த நேரத்தில் பெரிய துணை.

ஆறு மாதக் குழந்தையிலிருந்தே அங்கன்வாடியில் இணை உணவு மாவு தருகிறார்கள், எடையும் பார்க்கிறார்கள். வாடகை வீடு மாறி வந்தவர்களும் வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களும் தங்களுக்கு அது கிடைக்காது என்று எண்ணி ஒதுங்கி நிற்கிறார்கள். பக்கத்து அங்கன்வாடியில் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். கடும் குறைபாடுள்ள குழந்தைகளுக்கென்று 2022-ல் தமிழக அரசு தொடங்கிய "ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டமும் அங்கன்வாடி வழியாகத்தான் குழந்தையைக் கண்டுபிடிக்கிறது.

குழந்தை குடிக்கவோ உண்ணவோ மறுத்தால், வேகமாக மூச்சு வாங்கினால், உடம்பு சில்லிட்டால், அளவுக்கு மீறித் தூங்கினால், கால் மீண்டும் வீங்கினால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போது அதில் வீடு திரும்பும் நாளின் எடை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கன்வாடிப் பணியாளரும் அடுத்து பார்க்கும் மருத்துவரும் அந்த எண்ணிலிருந்துதான் கணக்கைத் தொடங்க முடியும்.